வில்லோபோர்ட்டின் பூர்வீகம்

ஓர் ஊர் என்றிருந்தால் அதற்கொரு சரித்திரம் இருக்கவேண்டும் என்பதில் எவருக்கும் இரண்டாம் கருத்து இருக்கமுடியாது. வில்லோபோர்ட்டுக்கு அது இல்லாதது பெருங்குறையாகவே பட்டது. ஊர் உருவாகி அப்போதுதான் இரண்டு வருசம்.

கனடாவில், பிக்கரிங் என்ற இடத்தில் சோளக் காணி ஒன்றை வாங்கிய கட்டடக் கொம்பனி, இங்கிலாந்தில் ஏதோ ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயரை அதற்குச் சூட்டி, செங்கல் வீடுகளும் வளைந்த ஒழுங்கைகளும் அமைத்து விற்றது. ஆறு என்பது மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். ஓகஸ்டில் பிள்ளைகள் அதற்குள் இறங்கிப் பந்தடிப்பார்கள்.

டோர்செட் பார்க்கில் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியில் குடியிருந்த சச்சிதானந்தன், 1996இல் மனைவி யோகமலரோடு அங்கே வீடு வாங்கிப் போனார். போன கிழமையே யோகமலர் பின்வளவில் கயிறு கட்டிச் சேலை காயப்போட்டாள். மறுநாள் இக்னேசியஸ் வந்து நின்றார். இன்சூரன்ஸ் விற்பவர், ஊர்ப் பண்பு பேணும் குழுவின் தலைவர், எட்டு மாதம் முந்திக் குடிவந்ததால் பூர்வகுடி.

"அண்ணை, உது இஞ்ச சரிவராது. ஊரின்ர பண்பு கெட்டுப்போம்."

"என்ன பண்பு?"

"இங்கிலிஸ் கிராமப் பண்பு. அங்க ஒருத்தரும் வெளியில உடுப்புக் காயப்போடுறேல்லை."

"நீர் அங்க போயிருக்கிறீரோ?"

"ஹீத்ரோ எயர்போட்டில ஒரு பகல் முழுக்க நிண்டனான்."

கயிறு அவிழ்ந்தது. யோகமலர் இக்னேசியஸ் வீட்டாரோடு கதையை நிறுத்தினாள். மனஸ்தாபம் வேண்டாமென்று குழுவில் சச்சிதானந்தனுக்கும் ஓர் இடம் தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர் ஆனபடியால், வாய்க்கால் கரையில் நடப்போகும் பலகைக்கு ஊர்ச் சரித்திரம் எழுதும் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

குழு கூடி ஆராய்ந்தது. சோளத்தைப் பற்றி மூச்சுவிடக்கூடாது, அது ஆங்கிலப் பண்பல்ல என்று தீர்மானமாயிற்று. பண்டைக்காலத்தில் இவ்விடத்தில் ஒரு தண்ணீர் ஆலை இருந்திருக்கலாம் என்றார் ஒருவர். அடுத்த கூட்டத்தில் அது 'இருந்தது' ஆயிற்று. அதற்கடுத்த கூட்டத்தில் ஆலை எரிந்தும் போயிற்று. இல்லாவிட்டால் ஆலை எங்கே என்று சனம் கேட்குமே. முதலில் கூசிய சச்சிதானந்தனுக்கும், ஆலை எரிந்த பந்தியை எழுதும்போது கண் கலங்கியது.

அந்த ஊரில் மெய்யான இங்கிலிஸ்காரர் ஒரேயொருவர்தான். ஆர்தர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவர். முதல் பனிக்குச் சச்சிதானந்தனின் கார் புதைந்தபோது, கேட்காமலே பனி அள்ளும் சவளோடு வந்து கிளப்பிவிட்டவரும் அவரே. ஆனால் வீட்டு முன் புல்தரையில் ஓட்டைத் தோணி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார். பின்வளவில் தாரா வாத்துகள் வளர்த்தார். சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் என்றுவிட்டார்.

ஆங்கிலக் கிராமப் பண்புக்கு ஊறு விளைவித்த குற்றத்துக்காக அவரைக் குழு விசாரணைக்கு அழைத்தது. தோணியும் தாராவும் போகவேண்டும், அல்லது ஆர்தர் போகவேண்டும் என்பது பிரேரணை. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. சச்சிதானந்தனுக்கு அந்தச் சவள் ஞாபகம் வந்தது. கை மடியிலேயே கிடந்தது. இக்னேசியஸ் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊரில் ஒருவராக இருப்பதென்றால் இதுதான் என்று நினைத்தபடி அவரும் கையைத் தூக்கினார்.

ஆர்தர் கோபிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என் ஊருக்கும் லண்டன்காரர்கள் வந்தார்கள்," என்றார். "வீடுகளை வாங்கினார்கள். ஊரின் பண்பைக் காக்கக் குழு வைத்தார்கள். முதல் வேலையாக என் தகப்பனின் தோணியைத் தூக்கச் சொன்னார்கள். அதனால்தான் நான் கனடாவுக்குக் கப்பலேறினேன்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். சச்சிதானந்தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இக்னேசியஸ் தொண்டையைச் செருமினார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு.

"அண்ணை, அந்தாள் சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ. அங்க இருக்கிற மாதிரியே அச்சொட்டாக் குழு எங்களிட்டயும் இருக்கு. இனி ஆர் கேப்பினம், இது இங்கிலிஸ் கிராமம் இல்லையெண்டு?"

சச்சிதானந்தன் பேனையை எடுத்தார். வில்லோபோர்ட்டின் சரித்திரத்தில் அவர் எழுதிய முதலாவது உண்மை அதுதான்.