ஆறுமணிக்குருவி முன்னால் ஒரு ஆண்சிங்கம்

என் மனைவி கனகலட்சுமியிடம் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, முழுசாக முடித்த ஒரே ஆண்பிள்ளை நான்தான். முடித்த இடம், அழகர்கோயில் காடு.

பறவை பார்க்கப் போனால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் குருவி பறந்துவிடும். இந்த விதியைக் கேள்விப்பட்டதுமே எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. வில்லாபுரத்திலிருந்து அவளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு, சிம்மக்கல் கடைகள் ஷட்டரைத் தூக்குமுன் ஊரைத் தாண்டிவிட்டேன்.

மலைப்பாதையோரம் நடந்தோம். ஒரு புதருக்கடியில் ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலிருந்து பனிக்காலத்துக்கு நம்மூர் வந்த விருந்தாளி. பச்சை முதுகு, மஞ்சள் நெஞ்சு, வாலடியில் குங்குமச் சிவப்பு.

கனகம் வாயைத் திறந்தாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். மூடிக்கொண்டாள்! அந்த விரலுக்கு மோதிரமே போடலாம்.

இதுதான் சமயம். கிசுகிசுவென்று முழங்கினேன்.

"கனகம், திருமங்கலத்துல உங்க அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு இந்தத் தடவை விருந்தாளியாத்தான் வாரேன். சாம்பார் வாளியைத் தொட மாட்டேன். வீடு குடிபோனப்ப காசிமாயன் மச்சான் என்னைப் பந்தி பந்தியா ஓட விட்டாரு. அம்புட்டுப் பேரும் என்னைச் சமையல்காரரோட ஆளுன்னு நெனச்சாங்க. ஒருத்தர் அவரு மக கல்யாணத்துக்கும் வரச் சொல்லிட்டுப் போனாரு! காதுகுத்து மச்சான் மகளுக்குத்தான். எனக்கு இல்ல!"

கனகம் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்தேன். ஜெயித்தவனுக்கு இரக்கமும் வேண்டும். தோளில் தட்டிக்கொடுத்தேன்.

பைக் பக்கம் வந்ததும்தான் பேசினாள்.

"நீங்க சொன்னது அம்புட்டும் நியாயந்தாங்க. அண்ணனுக்கு அங்கயே மெசேஜ் போட்டுட்டேன்."

"காட்டுக்குள்ளயா?"

"வாயைத்தானே தொறக்கக் கூடாதுன்னீங்க?"

"மச்சான் என்ன சொன்னாரு?"

"ஒத்துக்கிட்டாரு. இனிமே மாப்ள வாளியைத் தொடவே கூடாதுன்னுட்டாரு."

என் நெஞ்சு விடைத்தது. சட்டைப் பித்தான் தாங்குமா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். இந்த மதுரையில் என்னைப்போல் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

"கனகம், நான் எப்பவும் இப்படித்தான். ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்னா..."

"தெரியும்ங்க. பந்தி முடிஞ்சதும் எச்சி இலை எடுக்கத்தான் ஆள் கெடைக்கலையாம். நீங்க அதை மாட்டேன்னு சொல்லலையே, அதான் உங்க பேரைக் குடுத்துட்டேன்."