கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வெள்ளைக் குதிரை

அன்பும், சமயம் பார்த்துக் கழன்றுகொள்ளும் சாமர்த்தியமும் ஒருங்கே வாய்ந்த என் மைத்துனனுக்கு, உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. குதிரையை அடுத்தவன் வீட்டில் கட்டிவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனவனுக்கு நலத்துக்கு என்ன குறை? உன் துரையும் நலம். அந்தக் குதிரைக்குத் துரை என்று நீ பெயர் வைத்தபோது விளையாட்டு என்று நினைத்தேன். பதவி என்று இப்போதுதான் தெரிகிறது. வேளைக்குப் புல், வேளைக்குக் கொள்ளு, நடுவில் உன் அக்கா கையால் கேரட். இந்த வீட்டில் எனக்கு இப்படியொரு உபசாரம் நடந்து வெகு காலமாகிறது.

"ரெண்டே மாசம், அத்தான். அது பாட்டுக்கு நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அது பாட்டுக்கு நிற்கிறது, மறுப்பதற்கில்லை. சமையலறையை ஒட்டிய என் கார் கொட்டகையில் அது நிற்கிறது, வெயிலில் கார் நிற்கிறது. காலையில் நான் செய்தித்தாளைப் பிரித்தால் ஜன்னல் வழியே தலையை நீட்டி முதல் பக்கத்தை எனக்கு முன்பே பார்த்துவிடுகிறது. பார்த்து முடித்ததும் தின்றுவிடுகிறது. ஆகவே, குதிரையேற்றப் பள்ளி நடத்தும் ஓர் அம்மையாருக்கு வெள்ளைக் குதிரை ஒன்று வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், பிடித்திருந்தால் கொடுத்துவிடலாம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கொட்டகை கண்ணுக்குத் தெரிந்தது, கொட்டகைக்குள் கார் தெரிந்தது, முழுசாக ஒரு செய்தித்தாளும் தெரிந்தது. "பளிச்சுனு வெள்ளையா இருக்கணும்னு சொன்னாங்க, அத்தான். லேசா குளிப்பாட்டி விடுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்று முடிவில் ஐஸ் வேறு வைத்திருந்தாய். துணி ஆலையில் வெளுப்புப் பிரிவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் வெள்ளையைப் பற்றி இப்படிச் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? இருக்கவில்லை. அதுதான் வினை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் வெள்ளைக் குதிரை வெள்ளையே இல்லை. படுக்கிற பக்கமெல்லாம் சாணக் கறை, முழங்காலில் மஞ்சள், வால் பார்த்தால் டீ வடிகட்டுகிற துணி. சனிக்கிழமை காலை உன் அக்காவின் ஷாம்பு ஒரு புட்டியை முழுவதும் கவிழ்த்துத் தேய்த்தேன். தேய்க்கும் வரை துரை கண்ணை மூடிக்கொண்டு முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்த பெரிய மனிதர் மாதிரி நின்றார். துவட்டத் துண்டெடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான், பூச்செடிப் பாத்தியில் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு புரள்கிறார். மறுபடி தேய்த்தேன். இந்த முறை ஈரத்தோடு பார்த்தால் உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். நனைந்தால் அடியில் இருக்கும் கறுப்புத் தோல் தெரியும், காய்ந்தால் தானாக வெளுக்கும் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் உன் கப்பல் மூழ்கியிருக்குமா? வெள்ளை போதவில்லை என்று நான் நீலத்தைக் கையில் எடுத்தேன்.

எங்கள் ஆலையில் இத்தனை எடைத் துணிக்கு இத்தனை நீலம் என்று ஒரு கணக்கு உண்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன் அல்ல, கணக்குப் போட்டுத்தான் போட்டேன். குதிரையின் எடையைப் போட்டேன். அந்த எடையில் எலும்பு, குடல், என் செய்தித்தாள்கள் எல்லாம் அடக்கம் என்பதும், நீலத்தைக் குடிப்பது மேலே இருக்கும் மயிர் மட்டும்தான் என்பதும் புத்தியில் உறைக்கவில்லை. மறுபடி புரளாமல் இருக்க உன் அக்காவின் சிவப்புப் போர்வையை எடுத்து ஈரத்தோடு போர்த்தினேன்.

"ஏங்க, அது புதுசு. சாயம் போகும்ங்க."

"யாருகிட்ட சொல்ற? சாயத்தப் பத்தி எனக்கா?" என்றேன். இந்த வாய் இருக்கிறதே.

ஞாயிறு விடிந்ததும் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, இங்க வந்து பாருங்களேன். நம்ம குதிரைக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு." உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்திலிருந்து வால் வரை கத்தரிப்பூ நிறம், அதுவும் ஓரிடத்தில் கூட திட்டு இல்லாமல். ஆலையில் ஒரு துணிக்கு இவ்வளவு சீராக ஏறியிருந்தால் எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருப்பார்கள். சோப்பு, வினிகர், எலுமிச்சம்பழம் எதற்கும் அசையவில்லை, நிறமும் சரி, குதிரையும் சரி. வாசலில் அம்மையாரின் கார் வந்து நிற்க, உன் அக்கா உள்ளே ஓடிப் போய் முகப்பவுடர் டப்பாக்களைக் கொண்டுவந்தாள். இருவருமாகக் கொட்டிப் பூசினோம். சத்தியமாகச் சொல்கிறேன், வெள்ளை! ஆலையில் கூட அப்படியொரு வெள்ளையை நான் பார்த்ததில்லை.

அம்மையார் இஸ்திரி மடிப்புக் கலையாத கருநீல உடையில் வந்தார். "ரொம்ப அழகா இருக்கே" என்று கழுத்தில் ஒரு தட்டுத் தட்டினார். துரை உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. புகை அடங்கியபோது எங்கள் வாசலில் பளிச்சென்ற வெள்ளை ஒன்று நின்றது உண்மை. அது அம்மையார்.

"என்ன சார் நிறம் இது?" என்றார், இருமலுக்கு நடுவில்.

"வெள்ளைதாங்க. கொஞ்சம் கூடிப்போச்சு."

உடையை உதறிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். கையில் விழ இருந்த கொட்டகை நழுவிவிட்டது, உன் குதிரை நிரந்தரமாக என் தலையில். எனக்கு அழுகையே வந்துவிட்டது, போ. ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும், கப்பல் நடுக்கடலில் இருந்தாலும் சரி, நீந்தியாவது வந்து உன் துரையை அழைத்துப் போகவும். ஒரு நாள் தாமதமானாலும் வாலில் விலாசம் கட்டி அனுப்பிவிடுவேன்.

கடல் அமைதியாகவும் உன் மனசாட்சி கொந்தளிப்பாகவும் இருக்க மனமார ஆசீர்வதிக்கிறேன். உன் அக்கா வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். நான் அப்படி எதுவும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கார் நிறுத்த இடமில்லாத
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அந்த அம்மையார் தலைக்குக் குளித்துவிட்டுத் திரும்பி வந்தார், குதிரை ஏற்றும் வண்டியோடு. "நிறம் போகப் போகச் சரியாயிடும் சார். நீங்க பண்ணினதுக்கெல்லாம் ஒரு குதிரை பொறுமையா நின்னுச்சுன்னா, சின்னப் பசங்க ஏற அதைவிட நல்ல குதிரை கிடைக்காது. இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றார். கயிற்றை அவிழ்க்கக் கொட்டகைக்குள் போனேன். துரை இன்றைய செய்தித்தாளை மென்றுகொண்டே தலையை என் தோளில் வைத்தது. தினமும் வைப்பதுதான். கை கயிற்றிலேயே நின்றுவிட்டது. வெளியே வந்து, "இது கடிக்கும்ங்க" என்றேன். "உதைக்கவும் செய்யும்" என்றாள் உன் அக்கா. நான் சொன்னதை அவள் மறுபேச்சில்லாமல் ஆமோதித்தது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அதற்குள் பாதி அவிழ்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்ற துரை அம்மையாரின் காதோரத்தில் மிச்சமிருந்த பவுடரை நக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே வெறும் வண்டியோடு போய்விட்டார். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நீ மெதுவாகவே வா, கயிறு எதுவும் கொண்டு வராதே. குதிரைக்கென்றே ஷாம்பு விற்கிறதாமே, அதில் பெரிய புட்டியாக ஒன்று வாங்கி வா. கார் வெயிலிலேயே நிற்கட்டும். அது என்ன, துரை மாதிரி காலையில் எழுந்ததும் என்னைத் தேடுகிறதா?