ரெய்டு அக்காவும் மிச்ச சிரப்பும்

கேளம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் நாற்பத்தெட்டு வீடுகளிலும் ஃப்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டுக்காரர்களைவிட ரெய்டு அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதே அடுக்ககத்தில் குடியிருந்தவர், செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் நர்ஸ். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நேரே ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தட்டுக்குத்தான் போவார். குழந்தைக்குக் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாடிக் சிரப்பை எல்லோரும் அங்கேதான் வைத்திருப்போம்.

ஒரு புதுமனைப் புகுவிழாவில் பால் பொங்குமுன்பே புது ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். "காலியா கீது. இப்டியே இருக்கட்டும்" என்று வாழ்த்திவிட்டுத் தாம்பூலப் பையோடு கிளம்பினார்.

வாட்ஸப் குழுவில் "பாப்பாவுக்குச் சளி, யார் வீட்லயாவது பிங்க் சிரப் மிச்சம் இருக்கா?" என்று கேட்டால் மூன்று பேர் 'இருக்கு' என்பார்கள். அக்கா பதில் போடமாட்டார். நேரில் வந்து நிற்பார்.

"இன்னா இது, கறிவேப்பிலையா, பக்கத்து வூட்ல வாங்கிக்க? சளிக்கு இது கேக்காது. மூக்குல கீற கிருமிக்குத்தான் மருந்து பழகிப்பூடும். நாளைக்கு நிமோனியா வந்தா இன்னா பண்ணுவே?"

என் வீட்டுப் பாட்டிலும் சிக்கியது. நான் மற்றவர்களைப் போல அல்ல. கலக்கிய தேதியைப் பாட்டிலில் ஒட்டி, கொடுத்த ஒவ்வொரு ஐந்து மில்லியையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதையும் காட்டினேன்.

"தப்பக் கூட ஒழுங்கா பண்றே அண்ணாத்த" என்று பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டார். வந்த கோபத்தில் அன்றே இன்னொரு பாட்டில் வாங்கினேன். மருந்துக் கடைக்காரர் டாக்டர் சீட்டுக் கேட்கவே இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் என் நான்கு வயது மகளுக்கு நிமோனியா. அக்காவின் வார்டில் சேர்த்தோம். முதல் மருந்து கேட்கவில்லை. நியூமோகாக்கஸ் கிருமி, அந்த மருந்துக்கு அடங்காத வகை என்று பரிசோதனை முடிவு வந்தது. வேறு மருந்துக்கு மாற்றினார்கள். விலா உள்ளே போய்ப் போய் அவள் மூச்சிழுத்ததை எழுத என் நோட்டில் கட்டம் இல்லை.

"இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தீங்க?" என்றார் டாக்டர். நோட்டை நீட்டினேன். ஒரே வருடத்தில் ஒன்பது சளி, ஒன்பது முறையும் அதே சிரப். ஒன்றைக்கூட எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.

"இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார் அவர், இதமாக. அந்த இதம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கேட்காமல் விற்ற கடைக்காரர் மீதும், 'இருக்கு' என்ற மூவர் மீதும், என் முத்தான கையெழுத்தின் மீதும் எனக்குள்ள ஆத்திரம் இன்றுவரை தணியவில்லை.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். அன்று மட்டும் திட்டவில்லை. குழந்தையின் மூச்சு சீரானதும் என் கையிலிருந்த நோட்டை வாங்கி மூடினார். "போய் நாஸ்தா துன்னுட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அக்கா நாவலூருக்கு வீடு மாறி இரண்டு வருடமாகிறது. ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தட்டில் சாக்லேட் வைக்க மகள் தினமும் இடம் கேட்கிறாள். அக்கா திடீரென்று வந்து திறந்து பார்ப்பார் என்று அதை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.