ஆறாவது மாடிக்குப் போன சிவப்பி

சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கைகாட்டிப் பின்னால் போகவைத்தவர் எங்கள் பால்கார அத்தை ஒருவர்தான். அவருடைய சிவப்பி என்ற பசு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தபோது டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

"மாசமா இருக்குற புள்ளைகிட்ட என்னய்யா சத்தம்? பின்னால போ!"

பஸ் போனது. அதன் பின்னால் நின்ற மூன்று சக்கர டிரைஷாக்களும் போயின.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கணவர் போனபிறகு, மாட்டுக் கொட்டகையையும் பிள்ளைகளையும் அத்தை ஒரே குரலில் மேய்த்தார். விடியற்காலையில் அந்தக் குரல் "எந்திரி" என்றால் இரண்டு தரப்பும் எழுந்து நிற்கும். "பால்ல தண்ணி இருக்கா அத்தை?" என்று ஒருவர் துணிந்து கேட்டார். "இருக்கு. மாடு குடிச்சது" என்றார் அத்தை.

அந்த வீட்டின் கடைசிப் பெண் மல்லிகாவை நான் விரும்பினேன். அவளும் என்னை விரும்பினாள் என்பது எனக்கே நம்பமுடியாத செய்தி. நான் தஞ்சோங் பகாரில் கப்பல் கம்பெனி கிளார்க். பயப்படுவதில் மட்டும் ஓவர்டைம் பார்ப்பவன். பெண் கேட்கத்தான் போனேன். அத்தை நிமிர்ந்து பார்த்ததும் வாய் தானாக "அரை போத்தல் பால்" என்றது. மாதக்கணக்கில் இதேபோல் பெண் கேட்டேன். எங்கள் வீட்டில் எல்லாரும் குண்டானார்கள்.

அறுபதுகளில் கொட்டகையைக் காலி செய்யவேண்டி வந்தது. மாடுகள் புக்கிட் பாஞ்சாங் பக்கம் ஒரு உறவினரிடம் போவதாகவும், அத்தை புது அடுக்குமாடி வீட்டுக்குப் போவதாகவும் முடிவாயிற்று. அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"பசு கால் வைக்காத வீட்டுல நான் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்."

"அம்மா, ஆறாவது மாடிம்மா!" என்றார் மூத்த மகன்.

"லிஃப்ட் இருக்குல்ல?" என்றவர், வழக்கம்போல் போத்தலுடன் நின்றிருந்த என் பக்கம் திரும்பினார். "தம்பி, சிவப்பிய நீ கூட்டிட்டு வா. நல்லபடியா ஏத்தி எறக்கிட்டேன்னா, நெசமா நீ கேக்க வந்தது என்னான்னு அப்பறம் பேசுவோம்."

எல்லாம் தெரிந்திருக்கிறது! பால் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

லிஃப்ட் தரைத்தளத்தை விட்டால் ஐந்தாவது, ஒன்பதாவது மாடிகளில் மட்டுமே நிற்கும். சிவப்பி குள்ள ஜாதி என்பதால் கதவு மூடியது. சுவருக்கும் அவளுக்கும் நடுவில் நான் ஒரு சுவரொட்டிபோல் ஒட்டிக்கொண்டேன். அவள் நெற்றியில் குங்குமம், என் நெற்றியில் வியர்வை. ஐந்தில் கதவு திறந்ததும், வெளியே காய்கறிக் கூடையோடு நின்ற சீன அம்மா "லெம்பு! லெம்பு!" என்று மலாயில் மாட்டை அறிவித்தபடி ஓடினார். படியில் காத்திருந்த அத்தை, "யா லா, லெம்பு!" என்று ஆமோதித்தார்.

ஒரு மாடியைச் சிவப்பி ஜம்மென்று ஏறினாள். பால் பொங்கியது. வாசல் மாவிலைத் தோரணம் முழுவதையும் அவள் தின்று முடித்ததை எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள்.

இறங்கும்போதுதான் வந்தது வினை. கீழ்ப்படியைப் பார்த்த சிவப்பி நாலு காலையும் ஊன்றிவிட்டாள். மாடு படி ஏறும், இறங்காது! பிறந்ததிலிருந்து மாட்டோடு வாழ்ந்த குடும்பத்துக்கே இது அன்றுதான் தெரிந்தது. கொட்டகையில் ஏது படிக்கட்டு?

மகன்கள் தள்ளினார்கள். மருமகள்கள் கெஞ்சினார்கள். என் கண்முன் எதிர்காலம் ஓடியது: மல்லிகா வேறொருவனோடு மணவறையில், சிவப்பி ஆறாவது மாடிக் கூடத்தில், தினமும் புல்லுக்கட்டோடு லிஃப்டில் நான்.

"அத்தை, எங்க கம்பெனி கிரேனக் கொண்டுவரட்டுமா?"

அத்தை என்னைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து மேல்படியைப் பார்த்தார்.

"கீழதானே போகமாட்டேங்குது? மேல கூட்டிட்டுப் போ."

"ஐயோ அத்தை, நாம கீழ போகணும்!"

"ஒம்பதுல லிஃப்ட் நிக்கும்ல?"

சிவப்பி மூன்று மாடியையும் ராணிபோல் ஏறினாள். பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நான். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தபோது, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேனாம். படியிறங்கி வந்து நின்ற அத்தை, எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார்:

"பயந்தாங்கொள்ளிதான். ஆனா கயித்த விடல. மல்லிகா, இவனுக்குக் குடிக்க ஏதாச்சும் குடு."

மல்லிகா பால் கொண்டுவந்தாள்.

எண்பத்தைந்து வயது தாண்டியும் அத்தை அந்த ஆறாவது மாடியிலிருந்து எங்கள் எல்லாரையும் மேய்த்துக்கொண்டிருந்தார். போனமாதம் போய்விட்டார். சாமான்களை ஒழிக்கப் போகும்போது மல்லிகா ஐந்தில் இறங்கி ஒரு மாடி ஏறுகிறாள். நான் மட்டும் ஒன்பதுவரை போய், படியில் இறங்கி வருகிறேன். கடைசி வளைவில் திறந்த கதவு தெரிகிறது; உள்ளே அத்தையின் குரல் இல்லை. அங்கிருந்து கால் இறங்கமாட்டேன் என்கிறது. சிவப்பியைப்போலவே, அங்கேயே நின்றுவிடுகிறேன்.