கிட்டு அண்ணனும் நாற்பது காரும்

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே அதிகமான கார் வைத்திருந்தவர் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். கிட்டு அண்ணன்தான். நாற்பது கார். ரப்பர் முதலாளி, நகைக்கடை முதலாளி எல்லோரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆனால் மீன் வாங்கப் போவதற்கு மட்டும் டவுன் பஸ். ஏனென்றால் காரில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும்.

மதுரையிலிருந்து மாற்றலாகிப் போய், தக்கலையில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். சாவியைக் கொடுக்கும்போதே, "உள்ள வண்டியெல்லாம் நிக்குது, பாத்து நடக்கணும் பிள்ளே" என்றார். வீட்டுக்குள் வண்டியா என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடி அலமாரியில் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்தில், கதவும் கண்ணாடியும் ஸ்டியரிங்குமாகப் பளபளவென்று நின்றன.

"அட, பொம்மையா!" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. மனிதர் முகம் சுருங்கிப் போயிற்று.

"பொம்மை இல்ல. கிட்டு."

பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் காரை நாமே ஒட்டி, பெயிண்ட் அடித்து, வண்டியாக நிறுத்துவதற்குப் பெயர் கிட்டு. இதை அவர் விளக்கிச் சொல்லாத ஆள் தெருவில் கிடையாது. அதனால் ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பாஸ்போர்ட்டுக்கும் பங்குச் சாமியாருக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாகி, இனயம் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கர் கிட்டு அண்ணன் ஆகிவிட்டார். கிட்டு என்றால் கிருஷ்ணன்தானே என்று கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தார்கள். அண்ணன் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். "என்னண்ணே இது?" என்றால், "அவரும் வண்டி ஓட்டினவருதானே பிள்ளே" என்றார்.

அந்த ஊர்ப் பேச்சில் 'கிடைக்கும்' என்பதற்குக் 'கிட்டும்' என்பார்கள். தபால்காரர் தெருவில் திரும்பும்போதே இவர் வாசலில் நின்று, "கிட்டு கிட்டிச்சா?" என்று குரல் கொடுப்பார். "கிட்டு அண்ணனுக்கு இன்னைக்கு கிட்டு கிட்டல்ல" என்று தபால்காரர் அங்கிருந்தே கத்துவார். வந்த புதிதில் ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஷார்ஜாவில் கார் ஒர்க்ஷாப்பில் பெயிண்டராக இருந்தவர். கூட இருந்தவர்கள் ஊருக்கு நகையும் சென்ட்டும் கொண்டுவந்தபோது, இவர் கொண்டுவந்தது பழைய அட்டைப் பெட்டிகள். வெள்ளைக்காரர்கள் வீட்டைக் காலி செய்யும்போது சந்தையில் தள்ளிவிட்டுப் போனவை. ஊருக்கு வந்த பிறகும் ஷார்ஜா கூட்டாளிகள் அதே மாதிரிப் பெட்டிகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் எவனோ பாதி ஒட்டி, பசையைப் பாயசம் மாதிரி ஊற்றி, வெறுத்துப்போய் விட்டெறிந்த வண்டிகள் உள்ளே இருக்கும். புதுப் பெட்டி இலவசமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார். "புதுசை எவனும் ஒட்டுவான். செத்ததை எழுப்பணும் பிள்ளே, ஏசு லாசரை எழுப்பினது போல."

எழுப்பட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வீடு என்ன பாடுபடும் தெரியுமா? பழைய பெயிண்ட் உரிய வேண்டும் என்று துணி நனைக்கிற பேசினில் பிரேக் ஆயிலை ஊற்றி வண்டியை ஊறப்போடுவார். கூரை வளைந்த வண்டியை வெந்நீரில் முக்கி எடுத்து நிமிர்த்துவார். வெந்நீர் எதிலே? கஞ்சிக் கலத்திலே. "கஞ்சி வைக்கக் கலத்தைத் தேடினா உள்ள காரு கெடக்கு! இந்த மனுசனைக் கெட்டிக்கிட்டு நான் எங்க போவேன்!" என்று அவர் மனைவி செலின் அக்கா போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை உரித்து பம்பரில் ஒட்டுவார். அக்கா தன் பிரஷர் மாத்திரையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கிற நிலைமை.

கம்பெனிக்காரன் வைத்த பெயரும் அவருக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மீன் பெயர்தான். சின்னஞ்சிறு வண்டி சாளை, அதாவது மத்தி. தட்டையாகத் தரையோடு கிடப்பது திரச்சி. பின்பக்கம் இரண்டு செட்டை தூக்கி நிற்கும் நீளமான அமெரிக்க வண்டிக்கு நெய்மீன், நாம் வஞ்சிரம் என்போமே, அந்தப் பெயர். அதன் மேல்தான் அவருக்கு உயிர். நசுங்கிப்போய் வந்ததை வருஷக்கணக்காக உட்கார்ந்து சரி பண்ணிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அலுவலகத்துக்குக் கிளம்புகிற நேரம், என் சிவப்பு நெயில் பாலிஷைக் காணவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். தடதடவென்று கீழே இறங்கினேன்.

"அண்ணே, என் நெயில் பாலிஷ் எங்கண்ணே?"

"நெய்மீனுக்க பின்லைட்டுல இருக்கு பிள்ளே," என்றார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "இந்தச் சிவப்பு கடையில கேட்டா கிட்டாது, கேட்டியா."

வீட்டைக் காலி செய்கிறேன் என்று கத்திவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது என் கதவில் ஒரு தூக்குவாளி தொங்கியது. உள்ளே நெய்மீன் கறி, அசல் நெய்மீன். காலி செய்யும் எண்ணத்தை ஒத்திப்போட்டேன்.

அப்போதுதான் அவர் மகள் ஷைனிக்குச் சம்பந்தம் வந்தது. நர்சிங் படித்த பெண். கூடப் படித்த பையனைத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. அது செலின் அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பையன் வீடு அருமனை, அப்பா ரப்பர் தோட்டக்காரர். காதல் என்று சொன்னால் குதிப்பார் என்று தரகர் மூலமாகவே போனார்கள். அந்தத் தரகர் புண்ணியவான் அங்கே போய், "பெண்ணுக்க அப்பனுக்கு நாப்பது காரு உண்டு" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பையனின் அப்பா உடனே கிளம்பிவிட்டார். அந்தப் பக்கத்தில் சீதனத்துக்குக் கார் கேட்பது வழக்கம். நாற்பது வைத்திருப்பவன் ஒன்று தர மாட்டானா?

விஷயம் தெரிந்ததும் செலின் அக்காவுக்குக் கைகால் ஓடவில்லை. "பிள்ளையளுக்க பொம்மையை வச்சு வெளையாடுற வீடுன்னு பேசிட்டு எழும்பிப் போவாங்க. ஷைனிக்க வாழ்க்கையாக்கும்!" என்று அழுதாள். கார்களை என் அறைக்குக் கடத்துவது என்று முடிவானது. அண்ணன் ஒவ்வொன்றாகத் துண்டில் பொதிந்து கூடையில் அடுக்கினார். நெய்மீனை மட்டும் துண்டு சுற்றாமல், அடியில் பிடித்துத் தனிக் கூடையில் வைத்தார். என் கட்டில், மேசை, ஜன்னல் திட்டு எல்லாம் கார்.

வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். பையனின் அப்பா வாசலைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார், பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"வண்டியெல்லாம் எங்க நிக்குது?"

அண்ணனுக்குப் பொய் வராது.

"மாடியில."

"மாடியிலயா! எப்படி ஏத்தினீங்க?"

"கூடையில வச்சு. இந்தப் பிள்ளையும் ஒரு கை பிடிச்சா."

மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று படியேறினார். பின்னாலேயே எல்லோரும் ஏறினோம். என் அறை முழுக்க நின்ற நாற்பது காரையும் பார்த்து அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் சிவந்தது.

"இது... பொம்மையில்லா?"

செலின் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் வாயைத் திறந்தார். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது எனக்கே தெரிந்தது. மகளை ஒரு பார்வை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா. பொம்மைதான்."

எத்தனை பேரிடம் சண்டை போட்ட மனிதர்! மகளுக்காக அந்த ஒரு சொல்லையும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

"பொம்மை இல்ல மாமா," என்றது ஒரு குரல். ஷைனி. இந்தக் கார்களைக் கண்டாலே அப்பாவைக் கிண்டல் செய்கிற பெண், கதவருகில் காப்பித் தட்டோடு நின்றாள். "கிட்டு. எல்லாம் எனக்க அப்பா செய்தது."

பையனின் அப்பா குனிந்து நெய்மீனைக் கையில் எடுத்தார். கதவைத் திறந்தார். விரல் நுனியால் ஸ்டியரிங்கைத் திருப்ப, முன்சக்கரம் இரண்டும் திரும்பின. இன்னொரு தடவை திருப்பினார். உதட்டோரம் சிரிப்பு கசிந்தது.

"தரகன் சொன்னது பொய்யில்ல. நாப்பது இருக்கும் போல. சம்மந்தி, மறைக்காம சொல்லுதேன், சீதனத்துக்கு ஒரு காரு கிட்டும்னு நெனச்சுத்தான் வந்தேன். இது கிட்டுமா?"

சம்மந்தி என்றுவிட்டாரே! செலின் அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கிட்டாது," என்றார் கிட்டு அண்ணன்.

செலின் அக்கா விழாமல் நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"பெயிண்ட் காயல்ல," என்றார் அண்ணன். "விரல் பதிஞ்சா பதிஞ்சதுதான். ஒரு மாசம் கழியணும். பைய கீழ வையுங்க."

"அப்ப கல்யாணத்தையும் அதுக்குப் பொறவே வச்சிடுவோம்," என்றார் அவர், இரண்டு கையாலும் பத்திரமாகக் கீழே வைத்துக்கொண்டே.

அப்படித்தான் நடந்தது. பெயிண்ட் காய்ந்த பிறகு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாடகைக் காரில் போக, பெண்ணின் அப்பா பின்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். விருந்து மேடையில் நெய்மீன் ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றி நின்றது. சீதனக் கார் எங்கே என்று கேட்ட உறவுக்காரர்களையெல்லாம் மாப்பிள்ளையின் அப்பாவே அழைத்துப் போய் ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டினார். நான் பின்லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல சிவப்புதான், மனிதர் சொன்னதில் தப்பில்லை.

மதுரைக்கு மாற்றல் கிடைத்து வந்தாயிற்று. இப்போதும் அந்தச் சிவப்பில் நெயில் பாலிஷ் வாங்கினால் இரண்டாகத்தான் வாங்குகிறேன். ஒன்று தக்கலைக்குப் போகும்.