மாமனாருக்காகப் போட்ட கோடுகள்

நடையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவனிடம் யாரும் தங்கள் காலை ஒப்படைக்கக் கூடாது. ரகசியத்தை ஒப்படைக்கவே கூடாது. என் மாமனார் என்னை நம்பி இரண்டையும் ஒப்படைத்தார். காலை ஓரளவு காப்பாற்றிக் கொடுத்தேன். ரகசியத்தைக் கோயில் வாசலில் வைத்து, மேளக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு உடைத்தேன். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வயதுதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அதே வயதில் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களும் ஊரில் இருந்தார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் பொறியியல் படித்துவிட்டு, மனிதன் எப்படி நடக்கிறான் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆட்களின் உள்ளங்காலில் மையைத் தடவி, நீளமான காகிதத்தின் மேல் நடக்கவிட்டு, அடிக்கு அடி அளப்பது என் வேலை. நடப்பது என்றால் விழப்போய் விழாமல் சமாளிப்பது, அதையே ஓயாமல் செய்துகொண்டிருப்பது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்குவேன். பாப்பாரப்பட்டியில் என் மாமனார் வீட்டில் இதைச் சொன்னபோது, மாமியார் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இதுக்குப் போயி சம்பளம் குடுக்கறாங்களா?" என்று கேட்டார். (உதவித்தொகைதான், அதுவும் நேரத்துக்கு வராது என்பதை நான் சொல்லவில்லை.)

மாமனார் நிலக்கடலையும் ராகியும் போடுகிற விவசாயி. நெடுநெடுவென்று உயரம். அவருக்கு நடுக்குவாதம் வந்திருந்தது. கை நடுக்கத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். காலைத்தான் மறைக்க முடியவில்லை. நன்றாக நடந்துகொண்டே வருவார். வாசற்படி வந்ததும் தரையோடு ஒட்டிக்கொண்டது போல இரண்டு காலும் நின்றுவிடும். உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்க்கும். இந்த நோயில் அது வழக்கம். குறுகலான இடம், கதவு, நிலைப்படி என்றால் கால் உறைந்துவிடும்.

அந்த வருஷம் அவருடைய இளைய மகள் ஸ்டெல்லாவுக்குக் கடத்தூரில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. மாமனாருடைய கிறிஸ்தவக் குடும்பத்தில் பெண்ணின் அப்பாதான் மகள் கையைப் பிடித்துக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை நடத்திக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பார். என் மனைவி மேரியை அப்படித்தான் என்னிடம் ஒப்படைத்தார். இப்போது கோயில் வாசலில் கால் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஒருநாள் என்னைக் கடலைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார். "மாப்ளை, மூட்டு வலின்னுதான் அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறன். நடுக்கம்னு தெரிஞ்சா, வம்சத்துல வர்ற நோவுன்னு பொண்ணை வேண்டாம்னுருவாங்க. என்னை அந்தப் பீடம் வரைக்கும் நடக்க வெச்சிருங்க. வெளிய மட்டும் ஒரு வார்த்தை சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யும்போதே என் மூளை வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி உறைந்து நிற்கிறவர்களுக்குத் தரையில் குறுக்குக் கோடு போட்டுக்கொடுத்தால், ஒவ்வொரு கோட்டையும் தாண்டுகிற சாக்கில் கால் எழும் என்று படித்திருந்தேன். அன்று மாலையே வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் ஏணிப்படி போல வரிசையாகக் கோடு போட்டு நடக்கச் சொன்னேன். மனுஷன் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுக்குப் போகிறவரைப் போலக் கோடு கோடாகத் தாண்டிப் போனார். மாமியார் அழுதுவிட்டார். நானும் அழுதிருப்பேன், ஆனால் அடி நீளத்தை அளக்க ஓடிவிட்டேன்.

கல்யாணம் வரை பயிற்சி நடந்தது. அவருக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் ஒன்றுதான்: எது நடந்தாலும் நிற்காதீர்கள், திரும்பிப் பார்க்காதீர்கள், அடுத்த கோட்டை மட்டும் பாருங்கள். நின்றால் போச்சு. நான் காகிதத்தில் நடக்கவிட்டவர்களில் சொன்ன பேச்சை இவ்வளவு கேட்டவர் வேறு யாரும் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

கல்யாணத்தன்று விடியும்போதே கோயிலுக்குப் போனேன். உள்ளே சிவப்புத் தரை. வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பால் கோடு பளிச்சென்று விழுந்தது. வாசலில்தான் சிக்கல். அங்கே வெளிறிய கல், வெள்ளைக்கோடு எடுபடவில்லை. கால் உறைகிற இடமும் அதுதானே. அதனால் அங்கே மட்டும் காவியைக் கரைத்து, ரத்தச் சிவப்பில் பட்டை பட்டையாக இழுத்தேன். கோடு நேராக வர வேண்டும் என்பதற்காக (நான் பொறியாளன் அல்லவா) நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் கல் இடுக்கில் ஆணி அடித்து நூல் கட்டினேன். வேலை முடிந்த திருப்தியில் ஆணியையும் நூலையும் எடுக்க மறந்துவிட்டேன்.

கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் என்ன இது என்று கேட்டார். சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டுமே. "அதெல்லாம் ஒரு காரணமாத்தாங்க" என்று மட்டும் சொன்னேன். இதைவிடச் சந்தேகத்தைக் கிளப்புகிற பதிலைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

நிலைப்படியில் சிவப்புக் கோடு, இரண்டு பக்கமும் ஆணி, நடுவில் நூல். கூலி வாங்கிச் செய்வினை வைக்கிறவன்கூட இத்தனை நேர்த்தியாக வைத்திருக்க மாட்டான். அது எனக்குத் தோன்றவே இல்லை. நடையைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் செய்வினை பற்றிய அத்தியாயம் கிடையாது.

மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளை அந்தோணியின் அம்மா அருளாயி. கட்டுமஸ்தான உடம்பு, கணீரென்ற குரல். படியில் கால் வைக்கப் போனவர் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விரித்து மொத்தக் கூட்டத்தையும் நிறுத்தினார்.

"யாரும் உள்ள போவாதீங்க. வாசப்படியில ஆணி அடிச்சு வெச்சிருக்குது."

மேளம் நின்றது. தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம்தான். ஆனாலும் ஆணியைப் பார்த்ததும் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். மாப்பிள்ளையையும் அவர் மாமன்மார் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தபடி வந்தார். முதல் கோட்டைப் பார்த்தார். தாண்டினார். அருளாயியம்மா "நில்லு கண்ணு" என்று ஸ்டெல்லாவின் இன்னொரு கையைப் பிடித்து இழுக்க, அப்பாவின் பிடி நழுவிவிட்டது. மாமனார் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்திருந்தேனே. மகள் கையைப் பிடித்தது போலவே கையை நீட்டி வைத்துக்கொண்டு, கம்பீரமாக, இன்னும் கூட்டம் வராத கோயிலுக்குள் தன்னந்தனியாக நடந்து போனார். பாடகர் குழு, பெண் வந்துவிட்டாள் என்று நினைத்து வருகைப் பாடலைத் தொடங்கிவிட்டது.

நடக்க முடியாத ஒரே மனிதர் உள்ளே நடந்துகொண்டிருந்தார். நடக்கத் தெரிந்த அத்தனை பேரும் வாசலில் உறைந்து நின்றார்கள்.

"யாரு வெச்ச வேலை இது?" என்று அருளாயியம்மா கேட்டார். நான்தான் என்றேன். எதற்கு என்றார். கூட்டத்தில் யாரோ வண்டியைத் திருப்பச் சொன்னார். ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள். அந்த இடத்தில் ஒரு புத்திசாலி, ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருப்பான். மூட்டு வலிக்காக என்றே சொல்லியிருக்கலாம். நான் பாடம் நடத்தினேன்.

மாமாவுக்கு நடுக்குவாதம், மூளையில் கோளாறு, வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும், கோடு இருந்தால் எழும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர்களுக்கு விளங்கவில்லை போலிருந்தது. உடனே முதுகைக் கூனி, முழங்காலை மடக்கி, கையை உதறிக்கொண்டு, உறைந்த காலோடு தடுமாறி நடித்தும் காட்டினேன். மேரி என் முதுகில் கிள்ளியது இன்றைக்கும் வலிக்கிறது. நடித்து முடித்து நிமிர்ந்தபோது பாட்டு எப்போதோ நின்றிருந்தது. கோயிலுக்குள் இருந்தவர்களுக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

பீடத்தின் முன்னால் மாமனார் நின்றுகொண்டிருந்தார். கோடு அதோடு முடிந்துவிட்டது. திரும்பி வருவதற்கு நான் கோடு போடவில்லை. முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றார். நீட்டிய கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அருளாயியம்மா அதைப் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு ஆணியையும் பிடுங்கி என் கையில் திணித்தார். விறுவிறுவென்று நடந்து மாமனார் பக்கத்தில் போய் நின்றார். அவர் சொன்னது வாசல் வரை கேட்டது.

"எங்க வூட்டுல யாருக்கும் நோவே வராதுன்னா நெனச்சீங்க, அண்ணா? சொல்லியிருந்தா கையைப் புடிச்சு நானே கூட்டியாந்திருப்பனே." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "பொண்ணைக் கூட்டியாங்க. அவரு அங்கயே நிக்கட்டும். கை புடிச்சுக் குடுக்கறது இங்கதான. அந்த ஆணிக்காரரு மட்டும் கடைசியா வரட்டும்."

கல்யாணம் நடந்தது. நான் கடைசியாகத்தான் போனேன்.

பந்தியில் மாமனார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "நடக்க வெச்சீங்க மாப்ளை, அதுல கொறை இல்ல. நான் கேட்டது ரெண்டு. நீங்க ஒண்ணுதான் செஞ்சீங்க" என்றார். மன்னித்துவிடுங்கள் என்றேன். மோரை என் பக்கம் நகர்த்தினார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்லபடியாக முடிந்ததே என்று பிறகு பலர் ஆறுதல் சொன்னார்கள். அது அருளாயியம்மாவின் பெருந்தன்மை. என் யோக்கியதை இல்லை. நோயைத் தன் வாயால், தனக்குத் தோன்றிய நேரத்தில் சொல்வதற்கு மாமனாருக்கு இருந்த உரிமையை நான் நடித்துக் காட்டிப் பறித்தேன்.

பீடத்தின் ஓரத்தில் போட்டோக்காரர் முதலிலிருந்தே தயாராக நின்றிருக்கிறார். பெண் வருகிறாள் என்று நினைத்து, மாமனார் பீடத்தை நெருங்கிய நேரத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார். அதைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டச் சொன்னது மாமனார்தான். படத்தில் பட்டு வேட்டியோடு அவர் தேக்கு மரம் போல நிமிர்ந்து வருகிறார். பின்னால் திறந்த வாசல். வாசல் வெளிச்சத்தில் முதுகு கூனி, முழங்கால் மடங்கி, கையை உதறிக்கொண்டு ஒருவன் நிற்கிறான்.

மாமனார் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. படம் இப்போது ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் கூனனைக் காட்டி, பாவம், யாருங்க இவரு, என்ன நோவு என்று கேட்கிறார்கள்.

"எங்க மேரியக்கா வூட்டுக்காரருதாங்க," என்பாள் ஸ்டெல்லா. "ரொம்பப் படிச்சவரு. அன்னிக்கு ஒருநாள்தான் வந்துச்சு. அப்புறம் எங்கப்பாதான் கொணப்படுத்தினாரு."