முதுகு அங்கிளின் முகம்

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடர் பார்த்த எவரும் எங்கள் முதுகு அங்கிளைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. பார்த்தது அவருடைய முதுகைத்தான் என்பது வேறு விஷயம்.

மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் எங்கள் வீதிக்குக் குடிவருமுன் லண்டனில் நடிகராக இருந்தவர். வெயிட்டர், டாக்ஸிக்காரர், டாக்டர் என்று போடாத வேஷமில்லை. ஆனால் கமரா எப்போதும் கதாநாயகனின் முகத்தையே பார்க்கும். இவர் அவனுக்கு எதிரே நிற்பார். நாங்கள் அவர் வீட்டுக்குப் போனால் தேநீருக்கு முன் வீடியோ வரும்.

"அந்தா, சூப் கொண்டு வாறது நான்தான்."

"எங்க அங்கிள்?"

"தோளைப் பாருங்கோ. தோளால கோவம் காட்டுறன்."

"ஓம், நல்ல கோவம்" என்போம்.

பழக்கம் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. கத்தரிக்காய் வாடியிருந்தால் வாயால் சொல்லமாட்டார். கடைக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அவர் பயந்துபோய்ப் புதுப் பெட்டி உடைப்பார்.

எழுபது கடந்தபின் மெல்பேர்னிலேயே ஒரு நகைச்சுவைத் தொடரில் வாய்ப்பு வந்தது. பிணமாக நடிக்கவேண்டும். பிணம் மல்லாந்துதானே கிடக்கும்? அங்கிளுக்குத் தலைகால் புரியவில்லை.

"முகம், தம்பி. முழு முகம். கடைசியில வசனமும் இருக்கு."

"பிணத்துக்கோ?"

"புதன்கிழமை பாருங்கோ, தெரியும். கட்டாயம் பாக்கவேணும், என்ன?"

வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மனைவி போனபின் தனியாக இருந்த மனிதர். அந்தப் புதன்கிழமைக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்றால் பொய்யில்லை.

அன்றைக்கென்று ஒருவருக்கு வேலை, ஒருவருக்குப் பிள்ளையின் ரியூஷன், எனக்குக் கிரிக்கெட். ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, பாராட்டுக்குக் காத்திருந்து பொறுமையிழந்த அங்கிள், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். நெற்றியில் திருநீறு, மூக்கில் பஞ்சு, பெட்டிக்குள் அவர். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

"ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார் முதலாமவர். பிறகு "ஓம் சாந்தி" மழைதான். செத்தவரின் ஃபோனில் இருந்தே படம் வந்ததே என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அங்கிளோ, எல்லாம் தன் நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு இதயம் போட்டுக்கொண்டிருந்தார். அதையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே. பின்னேரம் புட்டும் மரக்கறிச் சட்டிகளுமாக, வெள்ளை உடுப்பில் போய்க் கதவைத் தட்டினோம். அங்கிள் திறந்தார். பக்கத்து வீட்டு அன்ரி சட்டியோடு படியில் குந்திவிட்டார்.

"நீங்கள் செத்துப்போயிட்டீங்கள் எண்டு வந்தனாங்கள்" என்றேன்.

"அவ்வளவு நல்லா இருந்ததோ?" என்று மலர்ந்தார். பிறகு எங்கள் கையிலிருந்த சட்டிகளைப் பார்த்தார். "அப்ப, நாடகத்தை ஒருத்தரும் பாக்கேல்லை."

மெல்லத் திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டினார். அதில் கோபம் இல்லை, துக்கம் இருந்தது. அந்த முதுகை வாசிக்க எங்களைப் பழக்கியவரே அவர்தானே. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"போடுங்கோ அங்கிள், இப்ப பாப்பம்" என்றேன்.

வெள்ளை வேட்டிகளோடு அவருடைய ஹோலில் நெருக்கியடித்துக்கொண்டு, புட்டைச் சாப்பிட்டபடி பார்த்தோம். "மீன் ஒண்டும் கொண்டு வரேல்லையோ?" என்று எங்களோடு இருந்து சாப்பிட்ட பிணம் நடுவில் விசாரித்தது. கடைசிக் காட்சியில் நாலுபேர் பெட்டியைத் தூக்க, திரையில் இருந்த பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்து அழகான ஆங்கிலத்தில், "மெதுவாத் தூக்குங்கோ, இடுப்பு நோகுது" என்றது. அன்ரிக்குப் புரையேறியது. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தோம்.

புறப்படும்போது பழக்கதோஷம் விடவில்லை. செத்தவீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாதல்லவா? எல்லாரும் வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினோம்.

"என்ன, ஒருத்தரும் சொல்லாமப் போறியள்?" வாசலில் அங்கிள் தனியே நின்றார்.

காரில் ஏறப்போனவன் திரும்பி நடந்தேன். "போயிட்டு வாறன் அங்கிள்." மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சொன்னார்கள்.

இப்போது நான் சிட்னிக்கு வந்துவிட்டேன். ஃபோனில் கதைத்து முடிக்கும்போது மற்றவர்களிடம் "வைக்கிறன்" என்பேன். அவரிடம் மட்டும் "போயிட்டு வாறன் அங்கிள்" என்றுதான் சொல்கிறேன்.

"ஓம், வாங்கோ" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஃபோனை வைக்க மனம் வரும்.